அறுபத்துநாலு பைகள்

வரைபடம் அழகாக இருந்தது. அதுதான் அவளை முதலில் உறுத்தியது.

எட்டு வருடமாக மண்ணைப் பரிசோதித்து வரைபடம் போடுகிறவளுக்கு ஒன்று தெரியும். எந்த நிலமும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒரு மூலையில் உப்பு பூத்திருக்கும், அதை ஒட்டியே நல்ல மண் கிடக்கும், எப்போதோ மாடு கட்டியிருந்த இடம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். நிறங்கள் திட்டுத்திட்டாகத்தான் விழும். இந்த நிலமோ ஓரத்தில் வெளிர்மஞ்சளில் தொடங்கி, வட்டத்துக்குள் வட்டமாகப் பழுத்துக்கொண்டே போய், நட்டநடுவில் கருஞ்சிவப்பாக முடிந்தது. ஒரு புள்ளிகூட வரிசை தப்பவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டியது போல இருந்தது.

அவளும் கணவனும் சேர்ந்து செய்யும் தொழில் இது. ஒரு நிலத்தை எட்டுக்கு எட்டு என்று அறுபத்துநாலு கட்டங்களாகப் பிரிப்பார்கள். அவன் கட்டம் கட்டமாக நடந்து, துளைக்கம்பியை மண்ணில் இறக்கி, கட்டத்துக்கு ஒரு பை மண் எடுத்து வருவான். வீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பரிசோதனை அறையில் அவள் அதை உலர்த்தி, இடித்து, சலித்து, எந்தக் கட்டத்தில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நிறம் போட்டுக் கொடுப்பாள். விதைக்கும் இயந்திரம் அந்த வரைபடத்தைப் படித்துக்கொண்டே ஓடி, வளமான கட்டத்தில் உரத்தைக் குறைத்தும் வறண்ட கட்டத்தில் கூட்டியும் போடும். வரைபடத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து அவளுடையது. அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்.

கணவன் டீ டம்ளரோடு உள்ளே வந்தான்.

"இந்தத் தடவை நல்லா நடந்திருக்கீங்க போல," என்றாள்.

அவன் வழக்கம்போலப் பதிலுக்கு ஏதாவது கிண்டல் செய்யவில்லை. குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தான்.

"இது எந்த நிலம்?"

"போன வாரம் நீங்க போனதுதான். நாளைக்குக் காலைல மெஷின் இறங்குது."

"பைக்குப் பை வித்தியாசமா வந்திருக்கா?"

"வராம? எனக்கே சந்தேகமா இருந்துச்சு. ரெண்டு தடவை பார்த்துட்டேன். அதேதான்."

அவன் டம்ளரை மேசையில் வைத்தான்.

"நான் நடக்கவே இல்ல," என்றான். "கேட்டுக்குப் பக்கத்துல ஒரே ஒரு குழி போட்டேன். அறுபத்துநாலு பையையும் அதுலேருந்துதான் ரொப்பினேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"காலு வலி. அதோட அந்த நிலத்துல கால வச்சாலே ஒரு மாதிரி இருந்துச்சு. எங்க வச்சாலும் கொஞ்சம் உள்ள வாங்குது. சரி, ஒரு தடவைதானே, நிலத்துக்கென்ன தெரியப்போகுதுன்னு..."

கால் வலி அவனுடைய நிரந்தரப் பல்லவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே உடைந்ததில், ஆறு ஸ்க்ரூ போட்டு எலும்பை இறுக்கியிருந்தார்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவளே எண்ணிப் பார்த்திருக்கிறாள். "இனிமே ஸ்க்ரூ கழண்ட கேஸுன்னு என்னை நீ சொல்ல முடியாது. ஆறும் டைட்டு" என்று கட்டிலில் படுத்துக்கொண்டே சிரித்தவன். அதற்கப்புறம் மழை வந்தாலும் கால் வலி, வெயில் வந்தாலும் கால் வலி, கடைக்குப் போகச் சொன்னால் நிச்சயமாகக் கால் வலி.

ஒரே குழியின் மண். அது எப்படி அறுபத்துநாலு விதமாக இருக்கும்? ஆனால் பயப்படுவதைவிடக் கோபப்படுவது அவளுக்கு எப்போதுமே சுலபம்.

"கிளம்புங்க," என்றாள். "இப்பவே. போனை அணைக்கக் கூடாது, நீங்க எங்க நிக்கறீங்கன்னு எனக்கு இங்க தெரியணும். ஒவ்வொரு கட்டத்துலயும் கம்பியை இறக்குங்க. அறுபத்துநாலும் முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுலேருந்து எடுங்க. ரெண்டு சுத்தும் ஒத்துப்போனாத்தான் நம்புவேன். ஒத்துப்போகலைன்னா மூணாவது சுத்து."

"மண்ணு எங்கயாவது ரெண்டு தடவை ஒரே மாதிரி வருமா மேடம்? நீதானே சொல்லுவே?"

வேலை நேரத்தில் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். மற்ற நாட்களில் அவளுக்கு அது பிடிக்கும்.

"அப்ப நடந்துக்கிட்டே இருங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அந்த நிலத்தை விட்டு வெளியே வராதீங்க."

வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "ரொம்பக் கோபமா?" என்று கேட்டான். அவள் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. அவன் போகும்போது எப்படி இருந்தான் என்று அவள் பார்க்கவே இல்லை.

பத்து மணிக்குத் திரையில் நீலப்புள்ளி நிலத்துக்குள் நுழைந்தது. அவன் கம்பியை இறக்கும் ஒவ்வொரு தடவையும் கட்ட எண்ணும் அந்த இடத்தின் உயரமும் பளிச்சென்று வந்து மறைந்தன. ஒன்று, நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். இரண்டு, நூற்றுப் பன்னிரண்டு. மூன்று. நான்கு. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தாள். அவன் எண்ணுவதும், பூட்ஸ் மண்ணில் பதியும் சத்தமும், நடுவில் நாலு பெருமூச்சும் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தன.

முதல் வரிசை முடிந்தபோது உயரம் நூற்றுப் பதினொன்றே முக்கால் என்று காட்டியது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். நிலத்துக்காரர் அந்த நிலத்தைக் கருவி வைத்துத் தாம்பாளம் போலச் சமப்படுத்தியிருந்தார். ஆனால் செயற்கைக்கோள் இடத்தைச் சரியாகச் சொன்னாலும் உயரத்தில் அவ்வப்போது கோட்டைவிடும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் அவள் அதை விட்டுவிட்டாள்.

பதினொன்றரைக்கு முதல் பெட்டி வந்தது. நிலத்துக்காரரின் சின்ன லாரியை ஓட்டுகிற வண்டிக்காரர் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் நிலத்திலிருந்து உர மூட்டை ஏற்றப் போகிற வழியில் பைகளை இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

"கேட்டுக்குப் பக்கத்துலயே அடுக்கி வச்சிருந்தாரும்மா," என்றார். "ஆளைத்தான் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன்."

"உள்ள நடந்துக்கிட்டிருப்பாரு அண்ணே."

"இருக்கும், இருக்கும்."

பதினாறு பைகள், இரண்டு வரிசை. எல்லாவற்றிலும் அவனுடைய கோணல் கையெழுத்தில் எண்கள். தூக்கும்போது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தன, அடிப்பக்கம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெயிலில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வானம் மூடியே கிடந்ததை அப்போது அவள் யோசிக்கவில்லை.

மண்ணைத் தட்டுகளில் மெலிசாகப் பரப்பி ஓவனுக்குள் தள்ளி, சூட்டைக் கூட்டினாள். விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"மேடம்," என்றது போன். "கால் ரெண்டும் எரியுது. தார் ரோட்டுல வெறுங்கால்ல நிக்கற மாதிரி."

"பூட்ஸ் போட்டிருக்கீங்கதானே?"

"போட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப நடங்க."

ஒரு மணி நேரத்தில் மண் காய்ந்து கட்டியாகியிருந்தது. ஒன்றாம் எண் மண்ணைப் பீங்கான் கல்வத்தில் கொட்டிக் குழவியால் அழுத்தினாள்.

"ஆ..."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சுருக்குன்னுது. பாதத்துல."

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு இடித்தாள். அவன் முனகினான். இடித்துச் சலித்தாள், அடுத்ததை எடுத்தாள். மண் சலிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. சல்லடையைத் தட்டத் தட்ட மெல்லிய பொடி கீழே விழுந்து, மேலே சிறு கற்களும் வேர்த் துணுக்குகளும் மட்டும் நிற்கும். அவற்றைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். இன்றைக்குச் சல்லடைமேல் வெள்ளையாகச் சில கெட்டித் துண்டுகளும் நின்றன. சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்து ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தாள். லேசாக நுரைத்தது. சுண்ணாம்புதான்.

பத்தாவது பையில் சின்னதாக ஓர் இரும்புத் துண்டு கிடைத்தது. பதினொன்றில் இரண்டு, பன்னிரண்டில் இரண்டு, பதின்மூன்றில் இன்னொன்று. மேலெல்லாம் மண் இறுகிப்போயிருந்தது. ஏதோ ஏர்க்கருவி உடைந்து சிதறியிருக்கும், நிலத்துக்காரரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தாள்.

பதினாறையும் முடித்து நிமிர்ந்தபோது போனில் அவன் குரல் தெளிவாகவே இருந்தது.

"அதிசயம் மேடம். கால் வலி போயிடுச்சு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா துளி வலி இல்ல. கால் இருக்கறதே தெரியல."

"அப்பாடா. இனிமே கடைக்குப் போகச் சொன்னா வேற சாக்குதான் தேடணும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாயந்திரம் வந்தால் நல்லபடியாகப் பேச வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு இரண்டாவது பெட்டி வந்தது. இருபத்துநாலு பைகள். இவற்றிலிருந்து ஓவனில் கிளம்பிய வாடை மண்வாடையாக இல்லை. எங்கேயோ முகர்ந்த வாடை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. அவன் கழற்றிப்போடும் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது வருமே, வியர்வையும் சோப்பும் கலந்து, அது. காலையில் அவன் டீ டம்ளரோடு நின்ற இடம் அதுதான், அறையில் தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். வாடை போகவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"பசியே இல்ல மேடம். வயிறுன்னு ஒண்ணு இருக்கற மாதிரியே இல்ல."

அவள் இடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்றாவது பை. குழவி இறங்கியது. "ம்ம்" என்றான். குழவி இறங்கியது. "ம்ம்." தன்னுடைய கை ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருப்பதும் அவனுடைய முனகல் அதே தாளத்தில் வருவதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கையை நிறுத்தினாள். போன் அமைதியாக இருந்தது.

சுவர்க் கடிகாரம் கேட்டது. ஓவன் விசிறி கேட்டது. அவன் மூச்சுவிடுவதும் கேட்டது, அடுத்ததற்குக் காத்திருப்பவன் போல.

குழவியை மெதுவாக அழுத்தினாள்.

"ம்ம்ம்."

எடுத்தாள். அமைதி.

அவனும் அங்கே அதே நேரத்தில் கம்பியை இறக்குகிறான், அவ்வளவுதான். இப்படி ஓர் எண்ணம் வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தாள். அவன் அலறினான்.

"என்னங்க!"

"நெஞ்சுல... ஒண்ணுமில்ல. பிடிச்சுக்கிச்சு. விட்டுடும். நீ வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாதபோது அவளுக்குத் தெரிந்தது வேலைதான். நாற்பதாவது பை முடிவதற்குள் அவன் குரல் பிசிறடிக்க ஆரம்பித்திருந்தது. சிக்னல் சரியில்லை என்றான். திரையில் உயரம் நூற்றுப் பத்தரை.

நாலரைக்கு வண்டிக்காரர் மூன்றாவது பெட்டியை இறக்கினார். இறக்கிவிட்டுக் கிளம்பாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அம்மா, அவரு கம்பியை எங்கதான் இறக்கறாரு?"

"ஏன் அண்ணே?"

"நிலம் பூரா சுத்தி வந்துட்டேன். ஒரு ஓட்டை கூட இல்ல. காலடி இல்ல. வழிச்சு விட்ட மாதிரி கிடக்கு. கேட்டுக்குப் பக்கத்துல முன்ன ஒரு குழி இருந்துச்சே, அதை மட்டும் மூடியிருக்கு. நல்லா நிரவி, மேல கையால தடவி விட்டிருக்கு."

அவர் போனதும் போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"நிலத்துலதான்."

"வண்டிக்காரர் உங்களைப் பார்க்கலையாம்."

"நானும் அவரைப் பார்க்கல. வண்டிச் சத்தம் கேட்டுச்சு. மேல."

"மேலயா?"

"ம். தலைக்கு மேல போச்சு."

திரையில் உயரம் நூற்றுப் பத்தேகால். காலையிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் இறங்கியிருந்தது. மனசுக்குள் அது தானாகவே அடிக்கணக்காக மாறியது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு.

போதும், வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அப்போது அவனுக்குக் கேட்டிருக்கும். நாளைக் காலையில் இயந்திரம் வந்து நிற்கும்போது நிலத்துக்காரரிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு குறுக்கே வந்தது. இன்னும் இருபத்துநாலு பைதான் என்ற நினைப்பும் வந்தது.

"எத்தனை பாக்கி?" என்றாள்.

"எனக்கு முடிஞ்சுது மேடம். முதல் சுத்து அவ்வளவுதான். அறுபத்துநாலுல நிக்கறேன். நீ முடிச்சதும் அடுத்த சுத்து ஆரம்பிக்கறேன்."

ஓவனை மூடினாள். அவன் தாகம் என்றான். தலை கொதிக்கிறது என்றான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்தே முக்காலுக்குத் தட்டுகளை வெளியே எடுத்தாள்.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அவசரமாக இடித்தாள், சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வருவான் என்று. ஐம்பது. ஐம்பத்தைந்து. வெள்ளைத் துண்டுகள் இப்போது நிறைய நின்றன. சில மெல்லியதாக, வளைவாக. அமிலம் விட்டுப் பார்க்கவில்லை. அறுபது.

"மேடம், ஏதாவது பேசேன்," என்றான்.

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"பேசேன். ஒண்ணுமே கேக்கல."

"கேக்குதா? என்னங்க? கேக்குதா?"

"என்ன, போயிட்டியா?"

அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

"அதுக்குள்ள இருட்டிடுச்சா?" என்றான். ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி, அந்தி வெயில் சுவரெல்லாம் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது.

அறுபத்துமூன்று.

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். முழங்கை வரை பொடி. குழாயைத் திறந்து கழுவினாள். பக்கத்தில் தகர டப்பா இருந்தது. கை சும்மா இருக்க மாட்டாமல், அதையும் தண்ணீரில் காட்டினாள். மண் கரைந்து ஓடியது.

ஏர்க்கருவியின் துண்டுகள் இல்லை. பளபளவென்று, ஒரே அளவில், திருகுப் பள்ளத்தோடு.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எக்ஸ்ரேயைப் பிடித்த அதே ஜன்னல்.

மேசையைப் பார்த்தாள். அறுபத்துமூன்று கிண்ணங்கள். எட்டு எட்டாக. கீழ்வரிசையில் ஒன்று முதல் எட்டு, அதற்குமேல் ஒன்பது முதல் பதினாறு. கால். அதற்குமேல். அதற்கும்மேல். எல்லாம் நைசாக, மாவு மாதிரி. அவள் கை சுத்தமாக வேலை செய்திருந்தது. குப்பைக்கூடையில் வெள்ளைத் துண்டுகள்.

கத்தினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வேண்டாம் என்றாள், போதும் என்றாள், ஐயோ போதும் வந்துடுங்க என்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் கத்தினாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்றான் அவன். நிதானமாக, இருட்டில் சுவரைத் தடவுகிறவன் குரலில். "கேக்கல. தெரியல. கை எங்கன்னு தெரியல. வாயில மட்டும் மண்ணு. இன்னும் ஏதோ ஒண்ணு பாக்கி. அது மட்டுந்தான் வலிக்குது. எல்லா வலியும் அங்கயே வந்து நிக்குது." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. "முடிச்சிடும்மா."

மேடம் என்று சொல்லவில்லை.

அறுபத்துநாலாவது தட்டு மேசை ஓரத்தில் இருந்தது. ஒரு கைப்பிடி மண். அதைத் தொடாமல் விட்டால் அவன் குரல் இருக்கும். வலியோடு இருக்கும். யாரைக் கூப்பிடுவது? வந்தவரிடம் எதைக் காட்டுவது?

"முடிச்சிடும்மா. முடிச்சிடும்மா. முடிச்சிடும்மா."

அரைமணி நேரம் அவளால் தாங்க முடிந்தது. பிறகு கல்வத்தை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு குழவியை இறக்கினாள். குரல் உயர்ந்தது. நிறுத்தாமல், முழுப் பலத்தோடு, அழுதுகொண்டே இடித்தாள். இருபதாவது இடியில் குரல் அறுந்தது. அதற்கப்புறமும் இடித்தாள்.

போனில் ஒன்றுமில்லை. மூச்சுகூட இல்லை.

தரையில் உட்கார்ந்தாள். சுவரிலிருந்த வெயில் சிவந்து மங்கியது. அவனை வலியிலிருந்து விடுவித்தாயிற்று என்று நினைத்தாள். அது ஒன்றுதான் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது.

திரையில் நீலப்புள்ளி நகர்ந்தது.

அறுபத்துநாலிலிருந்து கிளம்பி, நிலத்தைக் குறுக்கே கடந்து, முதல் கட்டத்தில் போய் நின்றது. ஒன்று. நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

"ரெண்டாவது சுத்து, மேடம்," என்றான். காலையில் இருந்த அதே குரல். கணீரென்று. "ஐயோ, மறுபடியும் இந்தக் காலு வலி."

அவள் போன்மேல் விழுந்தாள்.

"கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதே. ஏன் அழறே?"

"போதும். போதும்ங்க. நான்தானே சொன்னேன், நானே சொல்றேன், போதும். ஒத்துப்போச்சு. எல்லாம் ஒத்துப்போச்சு. வந்துடுங்க."

"நிஜமாவா? கோபம் போச்சா?"

"போச்சு. வீட்டுக்கு வாங்க."

"சரி," என்றான். அவன் சிரிப்பது குரலிலேயே தெரிந்தது. "இதோ கிளம்பிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் புள்ளி நிலத்தை விட்டு வெளியே வந்தது. சாலையில் ஏறியது. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நாற்பது நிமிடமும் படியிலேயே நின்றாள். நம்பினாள். அந்த ஸ்க்ரூக்களை மறந்தாள், மேசையை மறந்தாள். அவன் வந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டும், முதலில் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். போனின் சின்னத் திரையில் புள்ளி பெரிய சாலையைக் கடந்தது, தெருவுக்குள் திரும்பியது, வீட்டு வாசலில் வந்து நின்றது.

எதிரே சின்ன லாரி நின்றிருந்தது.

வண்டிக்காரர் இறங்கிப் பின்பக்கம் போனார். "கேட்டைப் பூட்டப் போனேம்மா. உங்க வீட்டுக்காரரு மறுபடியும் அடுக்கி வச்சுட்டாரு. இப்படி ஒரு வேலைக்காரரை நான் பார்த்ததே இல்ல." பெட்டியைப் படியில் இறக்கினார். "நான் கிளம்பும்போதே அடுத்தது தயாராகிட்டிருந்துச்சு. மிச்சத்தை அடுத்த நடையில கொண்டாறேன்."

பதினாறு பைகள், இரண்டு வரிசை. கோணல் கையெழுத்து. மை இன்னும் ஈரமாக இருந்தது.

"வாசல்லதான் இருக்கேன்," என்றது அவள் கையிலிருந்த போன். "உள்ள எடுத்துட்டுப் போயேன்."

அவள் குனிந்து ஒன்று என்று எழுதியிருந்த பையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிறவனின் உள்ளங்காலில் விரல் பட்டதும் இழுத்துக்கொள்வானே, அப்படி, அவள் கைக்குள் அது லேசாகச் சுருங்கியது.